மூடு, முடி

நோண்டி: நம்ம மெனுல இருக்கற முடின்னா தலைமுடின்னு ஒரு வாடிக்கையாளர் நெனைச்சுக்கிட்டாராம் அண்ணி. "உங்க மென்பொருள் எதுக்கு என் முடியைக் கேக்குது, இருக்கறதே கொஞ்சம்"னு எழுதியிருக்கார்.

அண்ணி: அது மூணு வருஷத்துக்கு முந்தி வந்த கடிதம். அதை எதுக்கு இப்ப தூசி தட்டற?

நோண்டி: அன்னைக்கே அந்த வார்த்தையை மாத்தியிருந்தா...

அண்ணி: மாத்தினோமே. "வெளியேறு"ன்னு வெச்சோம். வீட்டைக் காலி பண்ணச் சொல்ற மாதிரி இருக்குன்னு நாப்பது பேர் சண்டைக்கு வந்தாங்க. மறுபடி முடிக்கே வந்து நின்னோம். நாலு மணிக்கு மென்பொருளோட புதுப் பதிப்பு வெளிய போகணும் நோண்டி. சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா.

நோண்டி: முதல்ல இந்த நோண்டிங்கற பேரை விடுங்க. ஆபீஸ்ல எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க.

அண்ணி: தப்பு கண்டுபிடிக்கத்தானே உன்னை வேலைக்கு வெச்சிருக்கு. வீட்லயும் அதே பொழப்பு. உங்க அண்ணன் ஒட்டடை அடிச்சா பின்னாடியே போய் மூலை மூலையா எட்டிப் பாக்கற.

நோண்டி: அண்ணன் அடிக்கற லட்சணம் அப்படி. சரி... விஷயம் என்னன்னா, மூடு.

அண்ணி: என் வாயையா?

நோண்டி: ஐயோ, மெனுல இருக்கற மூடு. வெள்ளை கம்ப்யூட்டர்ல.

அண்ணி: ஆரம்பிச்சிட்டியா...

நோண்டி: ஒரு நிமிஷம் பாருங்க. கருப்பு மெஷின்ல குரல் பதிவை ஓட விட்டு, திரையில இருக்கற ஜன்னலை மூடறேன். ஆச்சு, மொத்தமா நின்னுடுச்சு. அதே நம்ம மென்பொருள்தான், வெள்ளை மெஷின்ல மூடறேன். ஜன்னல் போச்சு. பதிவு நிக்கல. நீங்க இப்ப பெருமூச்சு விட்டது கூட உள்ள போயிருக்கும்.

அண்ணி: முதல்ல அதை நிறுத்து. அது அந்தக் கம்பெனி மெஷினோட வழக்கம்மா. அங்க ஜன்னல் வேற, மென்பொருள் வேற. முடின்னு சொன்னாத்தான் முடியும். அதுல பழகினவங்க ஒரு நாளைக்கு நூறு ஜன்னலை மூடுவாங்க, உள்ள எதுவும் சாகாதுங்கற தைரியத்துல.

நோண்டி: பழகாதவங்க?

அண்ணி: பழகிக்குவாங்க. உனக்குத் தெரியாது, நீ வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மெஷினுக்கும் அச்சு அசலா ஒரே மெனுதான் போட்டோம். கருப்புல "அழி" எந்தப் பக்கமோ வெள்ளையிலயும் அதே பக்கம். வெள்ளையில பழகின கை "வேண்டாம்"னு நெனைச்சு "அழி"யைத் தட்டிடுச்சு. ஒருத்தர் ஆறு மாசமா எடுத்த பேட்டி அத்தனையும் போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். எந்த வீட்டுக்குள்ள போறோமோ அந்த வீட்டு வழக்கம்.

நோண்டி: நான் மறுக்கலையே. பொத்தான் எந்தப் பக்கம், எந்த கீயை அமுக்கணும், விருப்பங்கள் எந்த மெனுக்குள்ள... எல்லாம் அந்தந்த வீட்டு வழக்கமாவே இருந்துட்டுப் போகட்டும். இது ஒண்ணு மட்டும் ரெண்டுலயும் ஒரே மாதிரி வேணும். மூடினா பதிவு நிக்கணும்.

அண்ணி: ஏன், இதுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?

நோண்டி: ஒரு புகார் வந்திருக்கு.

அண்ணி: யார் கிட்ட இருந்து?

நோண்டி: ஒரு மனநல ஆலோசகர். வர்றவங்க பேசறதைப் பதிவு பண்ணி அவங்களுக்கே அனுப்புவாங்க, வீட்ல நிதானமா கேக்கட்டும்னு. அவங்க வீட்ல கருப்பு, கிளினிக்ல வெள்ளை. போன வாரம் ஒருத்தர் பேசிட்டு எழுந்ததும் ஜன்னலை மூடியிருக்காங்க...

அண்ணி: பதிவு ஓடிக்கிட்டே இருந்திருக்கு.

நோண்டி: அடுத்து வந்த ஆள் பேசினது முழுக்க முன்னாடி போனவரோட ஃபைல்ல ஒட்டிக்கிச்சு. அது அப்படியே அவருக்குப் போயிடுச்சு. அவர் வீட்ல போட்டுக் கேட்டா, கடைசியில யாரோ ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கா.

அண்ணி: அந்த ஆடியோவை நமக்கு அனுப்பியிருக்காங்களா?

நோண்டி: இல்ல.

அண்ணி: சரி.

நோண்டி: என்ன சரி?

அண்ணி: இல்லைன்னா சரி. ஆனா ஒரு புகாருக்காக ஒரு மெஷினோட வழக்கத்தையே உடைக்க முடியாது. மூடும்போது ஒரு கேள்வி கேட்டுடலாம். "பதிவு ஓடுது, நிறுத்தவா?"

நோண்டி: கேள்வி கேட்டா யார் படிக்கறாங்க? பூச்சியைத் தட்டி விடற மாதிரி தட்டி விட்டுட்டுப் போவாங்க. நாள் முழுக்க அடுத்தவங்க கஷ்டத்தைக் கேட்டவங்களுக்கு நம்ம கேள்வியை வேற கேக்கப் பொறுமை இருக்குமா?

அண்ணி: சரி, கேக்காமலே நிறுத்தறோம். ஒரு நிருபர் பேட்டி எடுக்கறார். குறிப்பைப் பாக்கறதுக்காக ஜன்னலை மூடறார். வெள்ளையில பத்து வருஷம் பழகின கை. பேட்டி பாதியில நின்னு போச்சு. அவருக்கு நீயா பதில் சொல்லுவ?

நோண்டி: நானே சொல்றேன். பேட்டி நின்னா மறுபடி எடுக்கலாம். அடுத்தவங்க காதுல விழுந்ததைத் திருப்பி எடுக்க முடியுமா?

அண்ணி: அப்ப குறிப்பைப் பாக்க அவர் என்ன பண்ணுவார்?

நோண்டி: சும்மா ஒதுக்கி வைக்கணும்னா "சிறிதாக்கு" இருக்கு. அதை அவர் பழகிக்கட்டும். யாராவது ஒருத்தர் பழகித்தான் ஆகணும்னா, கம்மியா இழக்கறவங்க பழகட்டும்.

அண்ணி: இதை எங்க படிச்ச?

நோண்டி: எங்கயும் படிக்கல. ராத்திரி பூரா யோசிச்சேன்.

அண்ணி: அதான் கண்ணு இப்படி இருக்கா?

நோண்டி: பேச்சை மாத்தாதீங்க.

அண்ணி: சரி, மாத்தல. மூடுன்னு மட்டும் எழுதி வெச்சுட்டு பதிவையும் நிறுத்தினா அது ஏமாத்து வேலை. பதிவு ஓடும்போது மட்டும் அந்த வார்த்தையே மாறணும். "நிறுத்தி மூடு."

நோண்டி: ரெண்டு மெஷின்லயும்?

அண்ணி: ரெண்டுலயும். வார்த்தையும் அது செய்யற வேலையும் நம்மளது, எங்க போனாலும் மாறாது. எந்த இடத்துல உட்காரணும், எந்த கீக்கு எழுந்து வரணுங்கறது மெஷினோட பாடு. போதுமா?

நோண்டி: இன்னைக்கே போகணும்.

அண்ணி: இன்னைக்கேதான்.

நோண்டி: மணி இப்பவே மூணு. எப்ப எழுதி, எப்ப நான் சோதிச்சு... முடியாட்டி நாலு மணிப் பதிப்பை நான் விட மாட்டேன் அண்ணி. சோதனை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி, வீட்ல பேசாம இருந்தாலும் சரி.

அண்ணி: அப்பா, என்ன பிடிவாதம். உங்க வம்சமே இப்படித்தானா... இந்தா, வெள்ளையில இதைப் போட்டுப் பார்.

நோண்டி: இது என்ன?

அண்ணி: புதுப் பதிப்பு. பதிவை ஓட விட்டு மெனுவைத் திற.

நோண்டி: "நிறுத்தி மூடு"... மூடறேன். நின்னுடுச்சு. இப்ப கருப்பு... இதுலயும் அதேதான். அண்ணி, இதை எப்ப எழுதினீங்க?

அண்ணி: எப்பவோ எழுதினேன். வேலை செய்யுதா, கையெழுத்தைப் போடு.

நோண்டி: இருங்க, உள்ள நேரம் போட்டிருக்குமே. இன்னைக்குக் காலையில ஏழே கால். அப்ப நான் எழுந்திரிக்கவே இல்லையே.

அண்ணி: அதைப் போய்ப் பாக்காம இருக்க மாட்டியே நீ.

நோண்டி: நான் வாயே திறக்கறதுக்கு முன்னாடி மாத்தி வெச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்கு ஒரு மணி நேரமா என்னோட மல்லுக்கட்டினீங்க?

அண்ணி: புகார் கடிதம் உனக்கு வர்றப்ப எனக்கும் ஒரு நகல் வரும், மறந்துட்டியா. நீ இல்லைன்னு சொன்ன ஆடியோ அதுல இருந்துது. ஒரு வரி கேட்டதும் நிறுத்திட்டேன், அழிச்சும் விட்டுட்டேன்... நீ வந்து கேட்ட உடனே சரின்னு தலையாட்டியிருந்தா, அழுதது நீதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே.