கூடைக்குப் போட்ட ஷாம்பு

மதியம், திருவொற்றியூரிலிருந்து காசிமேடு திரும்பும் ஷேர் ஆட்டோ. எதிர் சீட்டில் மீன் விற்றுவிட்டு வரும் இரண்டு பெண்கள். மூத்தவர் தன் கூடையைப் பார்த்தபடி சொன்னார்:

“கூடைக்கு ஷாம்பு போட்டது தப்பாப்பூட்ச்சி, மேரி.”

“கூடைக்கா? இன்னாக்கா சொல்ற?”

“பொண்ணு மொத சம்பளத்துல காஸ்ட்லியா ஷாம்பு, கண்டிஷனர் வாங்கியாந்தா. உப்புக்காத்துல காஞ்ச முடிக்கு அத்த போட்டா, எண்ணெ ஊத்துனாப்ல ஒட்டிக்கிச்சி. அவ மனசு நோவக்கூடாதுன்னு அத்த மீன் கூடை கழுவ ஊத்திட்டு, பாட்டில்ல பாக்கெட்டு ஷாம்புவ ரொப்பிவெச்சி போட்டுக்கினு கீறேன். முடி லேசா, பூவாட்டம் கீது.”

“பொண்ணு இன்னா சொல்லுது?”

“தடவிப் பாத்துட்டு, ‘காஸ்ட்லி காஸ்ட்லிதாம்மா’ங்குது.”

மேரி விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிரிக்காதடி. கூடை கமகமன்னு கீது. வர்றவங்க மோந்து பாத்துட்டு, ‘பழைய மீனுக்கு சென்ட் அடிச்சிகீறியா’ன்னு திரும்பிப் பூடுதுங்க. பாதி வஞ்சிரம் அப்டியே கீது பாரு.”

“பேசாம பொண்ணாண்ட உண்மைய சொல்லிடுக்கா.”

“எப்டிடி சொல்றது? ‘உன் முடிய பாத்தா எனக்கும் ஆசையா கீதும்மா’ன்னு, நேத்து தனக்கும் சேத்து ரெண்டு பாட்டில் வாங்கியாந்துட்ச்சி.”