பங்குக் கட்டிலுக்கு நான்கு தோள்கள்

தலைமை ஏற்று, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பொறுமையின் இரு பக்கங்களாக இருபுறமும் அமர்ந்திருக்கும் அருட்சகோதரிகளே, ஆண்டறிக்கை வாசித்துக் குரல் கம்மிப்போன பங்குப்பேரவைச் செயலாளர் அவர்களே, தெருவுக்குத் தெரு ஜெபம் நடத்தும் அன்பியங்களின் பொறுப்பாளர்களே, முன் வரிசையில் முழங்காலை நீட்டி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற நினைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்று, இது எப்போது முடியும் என்று காத்திருக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சுமைதூக்கியின் வணக்கம்.

எனக்குத் தந்தது நன்றியுரை. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஆகவே மெதுவாகத்தான் வாசிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு நன்றி சொல்வது? களைத்தவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் முன்பு இருபது பேர். இன்று ஆறு பேர். சோறு கொண்டுபோன கைகள் களைத்துவிட்டன. மருந்துக் கடை வாசலில் வரிசையில் நின்ற கால்கள் களைத்துவிட்டன. "நான் வர்றேன்" என்று முதலில் சொன்ன வாய்கள் களைத்து மூடிக்கொண்டன. யாரைக் குறை சொல்வது? கொடுத்தவனுக்குத்தானே களைப்பு வரும்? கொடுக்காதவன் எதற்குக் களைக்கப் போகிறான்?

சற்று முன் செயலாளர் வாசித்த அறிக்கையின் கடைசி வரியைக் கேட்டீர்களா? "சாமான் அறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பங்குக் கட்டிலைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம்." மறுப்பவர் கை தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. நானும் தூக்கவில்லை. என் வலது கை தோளுக்கு மேல் ஏறாது, அவ்வளவுதான் காரணம்.

அந்தக் கட்டில் தெரியாத இளையவர்களுக்குச் சொல்கிறேன். மூடப்பட்ட ஒரு மருத்துவமனையிலிருந்து நமக்குக் கிடைத்த கட்டில் அது. இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் மரப்பலகை, ஒரு பக்கத்தில் கைப்பிடி. அதைச் சுற்றினால் தலைமாடு உயரும். யார் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தாலும் அந்தக் கட்டில் அந்த வீட்டுக்குப் போகும். கொண்டுபோகிறவர்கள் நான்கு பேர்: வெல்டர் அண்ணன், ரொட்டிக்காரர், பேருந்து ஓட்டுநர், நான். சரக்குக் கிடங்கில் பகல் முழுவதும் மூட்டை தூக்கிவிட்டு, மாலையில் கட்டில் தூக்குவேன். முப்பத்தொரு வீடுகள். எந்த வீட்டு வாசல் எத்தனை விரற்கடை குறுகல் என்று என் விரல்களுக்குத் தெரியும்.

இன்று ஓட்டுநர் தம் மகள் வீட்டோடு போய்விட்டார். ரொட்டிக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. வெல்டர் அண்ணன், தான் தூக்கிய கட்டிலிலேயே நான்கு மாதம் கிடந்து, கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்துதான் அந்தப் பேச்சு எழுந்தது. கட்டில் ஒரு வீட்டுக்குள் போனால், ஆள் வெளியே போய்விடுவாராம். பின்னால் யாரோ தலையாட்டுகிறீர்கள். தெரிகிறது. நானும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

தையல்காரர் மனைவி படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து வாரம் ஆகிறது. தையல்காரர் அவரைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தியிருக்கிறார். நாளுக்கு எட்டு முறை தனியாகக் குனிந்து தூக்குகிறார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கட்டில் மட்டும் எங்க வீட்டுக்கு வேண்டாம்."

"ஏம்ப்பா, அது கட்டிலுப்பா. கடிக்காது."

"வெல்டர் அண்ணனை என்ன பண்ணுச்சு?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"அவருக்குக் கட்டிலைக் கண்டா பயம். எனக்குத் தரையைக் கண்டா பயம். ரெண்டு பயத்துல எது ஜெயிக்குதுன்னு பாத்துட்டுப் போங்கண்ணே."

அன்று தையல்காரருடைய பயம்தான் ஜெயித்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அவர் பயத்துக்கு நான் பொய்யால் பதில் சொல்லமாட்டேன். அந்தக் கட்டிலில் படுத்தவர்களில் பத்தொன்பது பேர் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு பேர் எழுந்து நடந்தார்கள். அதில் ஒருவர், அதோ, மூன்றாம் வரிசையில் பால்கடை அக்கா. என்ன அக்கா?

"எழுந்து நடக்குறேன்னு சொல்லுங்க. ஓடுறேன்னு சொல்லிடாதீங்க" என்கிறார். சரி அக்கா, நடக்கிறீர்கள்.

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குத்தந்தையிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்லாவிட்டால் மனம் ஆறாது.

கட்டில் ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தால், கோயிலுக்குப் பின்னால் உள்ள குழாயடியில் வைத்துக் கழுவுவது என் வேலை. என் ஒருவனுடைய வேலை. கைப்பிடியைச் சுற்ற ஆள் நிற்க வேண்டும் என்பதால், மறுபக்கப் பலகைதான் எந்த வீட்டிலும் சுவரோரம் இருக்கும். அந்தப் பலகையின் உட்பக்கத்தில் ஒவ்வொரு முறையும் கிறுக்கல் இருக்கும். பிள்ளைகள் வேலை என்று நினைத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய் தேய் என்று தேய்த்தேன். ஆணியால் கீறியவை மட்டும் போகவில்லை. மற்றதெல்லாம் போயிற்று. "புதுக் கட்டில் மாதிரி இருக்கு பாருங்க" என்று பெருமை வேறு பேசினேன்.

சகோதரி நடத்தும் எழுத்து வகுப்பில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. வெல்டர் அண்ணன் வீட்டிலிருந்து கட்டில் திரும்பிய அன்று, கையில் சோப்போடு அந்தப் பலகை முன் உட்கார்ந்தேன். முதல் எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்தாக இருந்தது. அடுத்ததும் தெரிந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்று என்னை வரவேற்றன. கையிலிருந்த நுரை காய்ந்துபோனது. பிற்பகல் முழுவதும் படித்தேன். படித்து முடித்ததும், இத்தனை ஆண்டு தேய்த்த கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவை கிறுக்கல்கள் அல்ல, பெரியோர்களே. படுத்துக் கிடந்தவர்கள், அடுத்துப் படுக்கப் போகிறவருக்கு எழுதி வைத்தவை.

"கைப்பிடியை மூன்று சுற்றுக்கு மேல் சுற்ற விடாதே. மூச்சு முட்டும்."

"முதல் வாரம்தான் வெட்கமாக இருக்கும்."

"ஜெபக்கூட்டம் நீண்டால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்." சிரியுங்கள், சிரியுங்கள். பங்குத்தந்தையும் சிரிக்கிறார்.

"அழுவதானால் சுவர்ப்பக்கம் புரண்டு அழு. மறுபக்கம் புரண்டால் கட்டில் கிறீச்சிடும்; வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும்."

இவர்களையா நாம் வாங்குகிறவர்கள் என்று நினைத்தோம்? எழுந்திருக்க முடியாதவர்கள் கொடுத்தார்கள். சோறு ஊட்டப்பட்டவர்கள் கொடுத்தார்கள். முகம் தெரியாத ஒருவருக்காக, ஆணி முனையால் கொடுத்தார்கள். அதில் பாதியை இந்தக் கை அழித்தது.

இன்னொரு வரி இருக்கிறது. எல்லாவற்றையும்விட ஆழமாகக் கீறியது, பழையது. "கட்டில் தூக்குகிறவர் திருகாணி முடுக்க வந்தால் உட்கார ஒரு நாற்காலி போடச் சொல். அவர் நின்றே பழகியவர்."

தாய்மார்களே, திருகாணி முடுக்க, கட்டில் இருக்கும் வீட்டுக்கு ஞாயிறுதோறும் நான்தான் போவேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கும். நற்கருணை கொண்டுவரும் குருவுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, பயந்து பயந்து ஓரமாக உட்காருவேன். அது எனக்காகப் போட்ட நாற்காலி. இத்தனை ஆண்டு எனக்காக. கொடுக்கிறேன், கொடுக்கிறேன் என்று நிமிர்ந்து நடந்தவன், வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

தையல்காரத் தம்பி, கதவோரம் நிற்கிறாய். பக்கத்து வீட்டு அக்காவை மனைவியோடு உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாய். நீ சீக்கிரம் போக வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். வெல்டர் அண்ணன் கடைசியாக எழுதியது பென்சிலில் இருக்கிறது. நான் தேய்க்கவில்லை. "அடுத்து வருகிறவரே, பயப்படாதீர். வலியைக் கொடுத்தது என் நோய். கட்டில் முதுகைத்தான் தாங்கியது." அவர் உனக்குத்தான் எழுதினார் என்று சொல்லமாட்டேன். உன் வீட்டுக்கு இப்படி வரும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால், அடுத்து யார் என்பதை நீதான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

என்ன தம்பி? கொஞ்சம் உரக்கச் சொல்.

"மாடிப்படில ரெண்டாவது வளைவு ரொம்பக் குறுகல்யா. கட்டில் திரும்பாது."

கேட்டீர்களா, சபையோரே? வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பாது என்கிறார்.

திரும்பும் தம்பி. கால்களைக் கழற்றிவிட்டு, தலைமாட்டை முன்னால் தூக்கினால் திரும்பும். இதைவிடக் குறுகலான படியிலும் திருப்பியிருக்கிறேன். ஆனால் நான்கு தோள்கள் வேண்டும், என்னுடையதைச் சேர்க்காதீர்கள். களைத்த தோளானாலும் சரி. களைக்காத தோளுக்குக் காத்திருந்தால் அந்தப் பெண் தரையிலேயே கிடப்பாள். இப்போது கை தூக்கலாம்.

ஒன்று. இரண்டு. செயலாளரே, நீங்களுமா? அறிக்கையைக் கீழே வையுங்கள். மூன்று. பால்கடை அக்கா, கையை இறக்குங்கள். நீங்கள் கைப்பிடியைச் சுற்றக் கற்றுக்கொடுத்தால் போதும். நான்கு.

பலகையோரம் நூலில் ஒரு பென்சில் கட்டியிருக்கிறேன். இனி அந்தப் பக்கத்தில் ஈரத்துணி மட்டும்தான் படும்; அதுவும் எழுத்தில் படாது.

தலைமை தாங்கியவருக்கு நன்றி. கேட்டிருந்தவர்களுக்கு நன்றி. கேட்காமலே எனக்கு நாற்காலி போட்ட முப்பத்தொரு வீடுகளுக்கும், இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், நன்றி. நான்கு பேரும் சாமான் அறைக்குப் போங்கள். பின்னாலேயே நானும் வழி சொல்ல வருகிறேன். அதற்கு முன் ஒரு நிமிடம், யாராவது அந்த நாற்காலியை இப்படி நகர்த்துங்கள். உட்காருகிறேன். வணக்கம்.