நீலம் மறையும் துளி

உங்கள் அறைக்கு நல்ல வெளிச்சம், டொக்டர். யன்னலை வடக்குப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். நிறம் பார்க்கிற வேலைக்கு வடக்கு வெளிச்சம்தான் சரி. பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் என் மேசையையும் நான் அப்படித்தான் போட்டிருந்தேன். பிறகு அது என் மனைவியின் மேசையாகிவிட்டது.

என் மனைவி சறோஜினிதேவியின் கண்களில் இருக்கிற தழும்புகளில் சில பழையவை, சில அதற்குப் பிந்தியவை என்று சொன்னீர்கள். விபத்து ஒரு முறைதானே நடந்தது என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கண்ணின் முன்படலத்தை மாற்றி வைக்கப் போகிறவருக்கு உள்ளே என்ன விழுந்தது என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். நானும் விஞ்ஞானம் படித்தவன். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் வேலை உங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும். மண்டைதீவில் அல்போன்சம்மா என்றொரு மனிசியிடம் சுறாவின் ஈரல் எண்ணெய் வாங்கி, சின்னப் போத்தல்களில் ஊற்றிச் சூட்டில் வைப்போம். சும்மா விட்ட எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், கெட்டு நாறும். மற்றப் போத்தல்களில் ஒவ்வொரு மூலிகையின் சாற்றையும் விட்டு, எது எண்ணெயைக் காறவிடாமல் காக்கிறது என்று பார்ப்போம். முசுட்டை, தூதுவளை, நெடுந்தீவுச் சாயவேர், கடலோரக் கண்டல் மரத்தின் பட்டை என்று தீவுப்பகுதியில் முளைத்த ஒன்றையும் நாங்கள் விடவில்லை. எண்ணெயைக் காக்கிற பொருள் மனிதனின் உடம்பையும் காக்கும் என்பது எங்கள் பேராசிரியரின் நம்பிக்கை. காறலை அளப்பதற்கு, எண்ணெயோடு மருந்து கலந்து நீலமாக்கிவிட்டு, மேலே குழாயிலிருந்து இன்னொரு மருந்தைத் துளித் துளியாக விட வேண்டும். ஏதோ ஒரு துளியில் நீலம் மறையும். அந்தத் துளியில் நிறுத்தத் தெரிய வேண்டும். முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை.

அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அவள் மலைநாட்டில், பதுளையில் பிறந்து வளர்ந்தவள். தகப்பனுக்கு அங்கே புடைவைக் கடை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்ததும், உடுத்த உடுப்போடு தீவுப்பகுதியில் இருக்கிற பூர்வீக ஊரான இறுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். இரசாயனத்தில் பட்டம் எடுத்தவள் சும்மா இருக்கிறாளே என்று நான்தான் பேராசிரியரிடம் கூட்டிப்போனேன். அடுத்த வருடம் கலியாணமும் செய்துகொண்டேன். ஆக, அவளுக்கு வேலை, வீடு, புருசன் மூன்றும் என்னால் வந்தவை. இதை நான் ஒருநாளும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை.

எனக்கு எப்போதும் ஒரு துளி கூடிப்போகும். பத்து வருடமாக அப்படித்தான். அவளோ வந்த மாதத்திலேயே சரியான துளியில் நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். கிட்டப் பார்வைக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல்தான் கிட்டத்துப் பொருள் துல்லியம். ஒருநாள் எல்லோரும் நிற்கப் பேராசிரியர் சொன்னார். "ஐயாத்துரை, இனி அளவை அவவே பாக்கட்டும். நீர் இலை பிடுங்கிற வேலையைப் பாரும்."

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் பொறாமை என்று நீங்கள் நினைத்தால் அது பிழை. பொறாமை பிறத்தியாரின் பொருளின்மேல் வருவது. அவள் என்னுடையவள். அவளுடைய கண்ணும் அந்தக் கணக்கில்தான் வரும். என்னுடைய பொருளை வேறொருவர் எடுத்துப் புழங்கும்போது எவனுக்குத்தான் பொறுக்கும்? பேராசிரியர் தானே போத்தல்களைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்குப் போவார். அவள் சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கண்டதில்லை.

பிறகு யப்பான் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இதே ஆராய்ச்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கு பஸ்ஸால் இறங்கி வீடுவரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். றோட்டில் அப்படி வருகிறவள் அல்ல.

"இஞ்சாருங்கோ, மூண்டு வருசந்தான். பிறகு நீங்களும் வரலாம்."

நீங்களும் என்றாள், டொக்டர். அந்த 'உம்' எனக்கு இரண்டு கிழமை தொண்டைக்குள் நின்றது.

அந்த மாசியில், எண்பத்தைந்தில், எண்ணெய் வாங்க மண்டைதீவுக்குப் போனோம். அல்போன்சம்மா எண்ணெய் வடித்து முடிக்கும்வரை கடற்கரைப் பற்றைக்குள் கண்டல் இலை பிடுங்கினோம். அவள் புது இலை கண்டால் காம்பை முறித்து, முறித்த இடம் எவ்வளவு கெதியில் மண்ணிறமாகிறது என்று கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பாள். சாற்றின் குணத்தை அதிலேயே ஓரளவு பிடிக்கலாம். அதுவும் நான் பழக்கிய பழக்கம்தான். கண்டல்களுக்கு நடுவே ஒரு தில்லை நின்றது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பது தீவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். விறகுக்குக்கூட அதை ஒருவரும் தொட மாட்டார்கள். பதுளையில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"உதுவும் கண்டலோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். கொப்பை வளைத்துக் காம்பை முறித்தவள் அவள். கண்ணாடியைக் கழற்றியவளும் அவள். பால் தெறித்ததும் அந்தக் கையாலேயே இரண்டு கண்ணையும் கசக்கியவளும் அவள்தான். நான் தொடவேயில்லை.

சத்தம் கேட்டு அல்போன்சம்மா குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்தா. நல்ல தண்ணீர், அந்தப் பக்கத்தில் அது எவ்வளவு அருமை என்று உங்களுக்குத் தெரியும். கண்ணைக் கழுவப் போனா. நான் மறித்தேன். "தண்ணி படக் கூடாது அக்கா. பட்டால் புண் பெருக்கும். நான் உதுகளைப் படிச்சனான்" என்றேன். பாவம், படித்த மனிசன் சொல்லுறான் என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டா. சறோ என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி தாங்கோ, தண்ணி தாங்கோ" என்று கேட்டபடியே இருந்தாள். பஸ் வரும்வரை அவளை மடியில் கிடத்தி வைத்திருந்தேன். உடனே கழுவியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஓம், எனக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மாதிரி நாங்கள் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. சோறு பிசைந்து தீத்தினேன். தலை இழுத்துப் பின்னிவிட்டேன். கிணற்றடிக்குப் போவதானாலும் என் தோளைத்தான் பிடிப்பாள். வேலையால் வந்ததும், இன்றைக்கு எந்தப் போத்தல் எப்படி என்று கேட்பாள். நான் சொல்லுகிற நிறம்தான் அவளுக்கு நிறம். மேசையும் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஒரு காலை அவள் பாயில் எழும்பியிருந்து, "இஞ்சாருங்கோ, யன்னல் பக்கம் வெள்ளையாத் தெரியுது" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். அதே கிழமை பேராசிரியரும் ஆள் அனுப்பியிருந்தார்: சறோவுக்குச் சுகம் வரும்வரை யப்பான்காரர் இடத்தை வைத்திருப்பார்களாம்.

மாதிரிகளை எறிகிற பழக்கம் எனக்கில்லை. அன்று முறிந்த கொப்பின் பாலையும் எடுத்து எண்ணெயில் கலந்து ஒரு சின்னப் போத்தலில் வைத்திருந்தேன். அவளுக்குக் கண்மருந்து விடுகிறவன் நான்தானே. கண்ணுக்கு ஒரு துளி விட்டேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் ஆயுளில் முதல் முறையாகச் சரியான துளியில் நிறுத்தினேன்.

"இது காறல் மணக்குது" என்றாள்.

"புது மருந்து. எரிஞ்சாலும் நீர் பொறுத்துக்கொள்ளும்" என்றேன். பொறுத்துக்கொண்டாள். நீங்கள் கண்ட பிந்திய தழும்பு அதுதான்.

அவளுக்கு இதொன்றும் தெரியாது, டொக்டர். தெரிந்தால் முகத்தில் காட்டாமலா இருப்பாள்? முன்னையிலும் அமைதியாகத்தான் இருக்கிறாள். சில புதுப் பழக்கங்கள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். தேநீர் கொடுத்தால் மணந்து பார்த்துவிட்டே வாயில் வைக்கிறாள். ஆய்வுகூடத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை. கண்மருந்துப் போத்தலைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தானே விட்டுக்கொள்கிறாள். எனக்குக் கரைச்சல் தரக்கூடாதென்ற எண்ணம். உங்களிடம் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் அவள்தான். கொழும்பிலிருந்து தமையனையும் வரவழைத்துவிட்டாள். என்னைத் தனியே உள்ளே போய்ப் பேசச் சொன்னதும் அவளே. இப்போது இருவரும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். சற்று முன் ஒரு கார் புறப்பட்டுப் போன சத்தம் கேட்டது. அது வேறு யாருடையதாவது இருக்கும்.

நான் சுணங்கினால் ஊருக்குப் போகிற குறிகட்டுவான் பஸ் போய்விடும். கொண்டுவந்த பெரிய பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவள் நிற்க ஏலாது. நேற்று அந்தப் பெட்டியை அடுக்கியவன் நான்தான். கண் சோதித்துவிட்டுப் பின்னேரமே திரும்பி வரப்போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு உடுப்பு என்று கேட்டேன். "வைச்சுவிடுங்கோ. கூறையை மட்டும் வைக்க வேண்டாம்" என்றாள். கலியாணச் சேலை வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். மற்றச் சேலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது என்ன நிறம், இது என்ன நிறம் என்று கேட்டாள். கண் தெரியாதவளுக்கு நான் எதையும் சொல்லியிருக்கலாம். ஒரு சேலையைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. அவளை ஏமாற்ற எனக்கு மனம் வராது, டொக்டர்.