எடுத்தவர் பெயர்

மணி இரண்டு நாற்பது. மலைமேல் இருக்கும் ஈயச் சுரங்கத்திலிருந்து ஊருக்கு இறங்குகிற சாலை. பதினெட்டு வளைவு. ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. அதில் ஒரே ஒரு கார்... ஓட்டி வந்தவர் மூடியின் மாமா.

மூடி யாரென்று கேட்பீர்கள். பாட்டில் கம்பெனியில் என்னோடு இரவு ஷிப்ட் பார்த்தவன். மூடி போடுகிற மிஷினில் நின்றதால் அந்தப் பெயர். அவன் அம்மாவின் தம்பிதான் இந்த மாமா. குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'கல் மாமா'.

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். மெழுகுவர்த்தி ஆடுகிறது. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

கல் மாமாவின் தொழில் கல் சேர்ப்பது. நாட்டில் எங்கெல்லாம் சுரங்கம் உண்டோ அங்கெல்லாம் போவார். நிலக்கரி, செம்பு, இரும்பு, உப்பு, கந்தகம், மைக்கா... இடத்துக்கு ஒரு கல். நாற்பது அறை வைத்த மரப்பெட்டி, மேலே கண்ணாடி. ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு சீட்டு. என்ன கல், எந்தச் சுரங்கம், பூமிக்கடியில் எத்தனையாவது மட்டம், என்ன தேதி, எடுத்தவர் யார். சீட்டு இல்லாத கல் ரோட்டில் கிடக்கிற ஜல்லிக்குச் சமம் என்பார்.

ஆனால் மாமா ஒரு சுரங்கத்திலும் இறங்கியதில்லை. இருட்டென்றால் அவருக்கு மூச்சு முட்டும். ஷிப்ட் முடிந்து வருகிற ஆட்கள் டிபன் கேரியரின் அடித்தட்டில் கல்லை ஒளித்துக்கொண்டு வருவார்கள். கேட்டில் பிடிபட்டால் வேலை போய்விடும். மாமா எதிர்க்கடையில் டீயோடு உட்கார்ந்து வாங்கிக்கொள்வார். பிறகு சீட்டில், 'எடுத்தவர்' என்ற இடத்தில், தன் பெயரை எழுதுவார். முப்பத்தொன்பது கல்லுக்கும் அப்படித்தான்.

"அவனுங்க பேரைப் போட்டா அவனுங்களுக்குத்தாண்டா ஆபத்து" என்பாராம் மூடியிடம்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. அந்தப் பெட்டியை ஒரு கல்லூரி எடுத்துக்கொள்வதாக இருந்தது. கூடவே அவர்களுடைய காட்சி அறைக்குப் பொறுப்பாளர் வேலை. நாற்பது சுரங்கத்தில் தானே இறங்கி எடுத்த மனுஷன் என்று நம்பித்தான் அந்த வேலையைத் தந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு முதல் நிரந்தர வேலை. மாமாவின் மனைவி, மூடியின் அத்தை, தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பெட்டியை ஒப்படைக்க வேண்டும். நாற்பதாவது அறை காலி. அது ஈயக் கல்லுக்கான அறை. அந்தச் சுரங்கம் ஏழு மாதத்துக்கு முன் உள்ளே சரிந்து, தண்ணீர் ஏறி, மூடிக் கிடந்தது.

திங்கள் சாயங்காலம் மாமா மலையேறிப் போனார். வாயிலில் ஒரு வாட்ச்மேன் மட்டும்.

"உள்ள எலிகூட இல்ல சார். கல்லுக்கு நான் எங்க போறது?"

அவன் முதுகுக்குப் பின்னால் டோக்கன் பலகை. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அதில் ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணியில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பலகை முழுக்க வெறும் ஆணிகள். ஒன்றில் மட்டும் டோக்கன். இருநூற்றுப் பன்னிரண்டு.

"இவரு?"

"ஏறி வந்துட்டாராம் சார். டோக்கனை மறந்துட்டாராம். ஊரை விட்டு ஓடிட்டாருன்னு கம்பெனி எழுதி வச்சிருக்கு. சரிஞ்ச அன்னைக்கு ஏழாவது மட்டத்துல ஆளே இல்லைன்னு ஒரே சாதிப்பு. சம்சாரம் வாராவாரம் வந்து இந்த ஆணியைப் பார்த்துட்டுப் போகுது. எவளையோ இழுத்துக்கிட்டு ஓடிட்டான்னு ஊர்ல பேச்சு. பாவம், தலை நிமிர்ந்து நடக்க முடியல."

மாமா 'ப்ச்' கொட்டினார். அதோடு சரி. கழிவுக் கல் மேட்டில் டார்ச் அடித்து இரண்டரை மணி வரைக்கும் தேடினார். ஒன்றும் தேறவில்லை. வண்டியை எடுத்தார்.

ஒன்பதாவது வளைவு. ஓரத்தில் ஒரு ஆள். தலையில் தொப்பி, அதில் எரியாத விளக்கு, கையில் டிபன் கேரியர்.

மாமா வண்டியை நிறுத்தவில்லை. அதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நிறுத்தவில்லை... கதவும் திறக்கவில்லை. முதலில் வாசனைதான் வந்தது. வெடிமருந்துப் புகை. நனைந்த கல். ஊசிப்போன சாப்பாடு. அப்புறம் பின்சீட்டில் ரப்பர் பாயின் மேல்... சொட். சொட். சொட்.

"ஈயக் கல்லு தேடுனீங்களாமே சார்."

மாமா திரும்பவில்லை.

"ஆ... ஆமாப்பா."

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, முன்சீட்டில் கல்லை வைத்தது. கைப்பிடி அளவு. வெள்ளியும் சாம்பலும் கலந்த நிறம். கத்தியால் வெட்டி அடுக்கிய மாதிரி சதுரம் சதுரமாக. அப்படி ஒரு கல்லை மாமா முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

பயத்திலும் வாய் தானாகக் கேட்டது. "என்ன தரணும்?"

"ஒண்ணும் வேணாம். சீட்டுல என் நம்பரை எழுதிடுங்க. இருநூத்திப் பன்னண்டு. ஏழாவது மட்டம். அது போதும்."

"தேதி...?"

சொட். சொட்.

"நேத்துதான் சார் எடுத்தேன். நேத்துன்னுதான் நினைக்கிறேன்... கீழ பொழுது தெரியல."

ஊரின் முதல் தெருவிளக்கு வந்தபோது பின்சீட்டில் யாரும் இல்லை. சீட் தொப்பலாக நனைந்திருந்தது. கல் இருந்தது.

மாமா என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் வீட்டுக்குப் போய், கல்லைத் துடைத்து, சீட்டு எழுதினார். மூன்றாவது மட்டம். சுரங்கம் மூடுவதற்கு முந்தைய ஒரு தேதி. எடுத்தவர்: தன் பெயர்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் முறைக்கிறான். சொல்கிறேன்.

வியாழன் விடிவதற்கு முன், மூன்று மணி டீ நேரம். நானும் மூடியும் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். மாமாவின் கார் வந்து நின்றது. இறங்கினார். மூன்று நாள் தாடி. விரலெல்லாம் நீல மை. திங்கள் ராத்திரி நடந்ததை நின்றபடியே கொட்டித் தீர்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அது ஈரமாக இருந்தது.

"மூணாவது சீட்டுடா இது. அயர்ன் பாக்ஸ் வச்சுத் தேய்ச்சுக் கண்ணாடிக்குள்ள வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா நனைஞ்சு கிடக்கு. மத்த எழுத்தெல்லாம் அப்படியே இருக்கு. என் பேரும் மட்டமும் தேதியும் மட்டும் கரையுது."

மூடிக்கு எரிச்சல் வந்தது. "ஒரு நம்பரு மாமா. எழுதித் தொலைங்களேன். அந்தம்மாவுக்காவது ஒரு வழி பொறக்கும்."

"எழுதுனா ஏழாவது மட்டத்துல ஆள் இருந்தான்னு ஆயிடும். விசாரணை வரும். இந்தக் கல்லு உன் கைக்கு எப்படி வந்துச்சும்பான். அப்புறம் மத்த முப்பத்தொன்பதும் யாரு எடுத்ததும்பான். உங்க அத்தை மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்கலாம். தூக்கம் கெட்ட நேரத்தில் நாக்குக்கு எலும்பில்லை. சொன்னேன்.

"நீங்க எடுத்ததுன்னு எழுதணும்னா, சார், நீங்கதான் ஏழாவது மட்டத்துக்கு இறங்கியிருக்கணும்."

மூடி சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போதுதான் கவனித்தேன். வந்ததிலிருந்து காருக்குள் ஏதோ சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சொட். சொட். என்ஜின் என்று நினைத்திருந்தேன்.

நான் அதைச் சொல்லி முடித்ததும் அந்தச் சத்தம் நின்றது.

யாரோ காது கொடுத்துக் கேட்பதைப் போல.

வெள்ளி காலை சீட்டு காய்ந்திருந்ததாம். மாமா பெட்டியை ஒப்படைத்தார். கை தட்டினார்கள். அத்தை புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போயிருந்தாள். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்தவர், காரில் ஏதோ விட்டுவிட்டேன் என்று சொல்லி வெளியே போனார்... அவ்வளவுதான்.

சனிக்கிழமை கார் சுரங்க வாயிலில் நின்றது. நாலு கதவும் பூட்டியிருந்தது. பின்சீட் காய்ந்து கிடந்தது. யாரும் வரவில்லை என்று வாட்ச்மேன் அழுதுகொண்டே சொன்னான். பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை. அந்த ஆணியில் கார் சாவி தொங்கியது.

அதே காலை இருநூற்றுப் பன்னிரண்டின் சம்சாரம் தன் வீட்டு வாசல் கதவைத் திறந்தபோது, படியில் டிபன் கேரியர். கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி சுத்தமாக. அடித்தட்டில் பித்தளை டோக்கன். அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. இப்போது வாராவாரம் போவது அத்தை. சாவியைப் பார்த்துவிட்டு வருவாள். மாமா எவளோடோ ஓடிவிட்டார் என்று போலீஸும் சொல்கிறது, தெருவும் சொல்கிறது.

நான் அந்த வாரமே வேலையை விட்டேன். தூக்கம் போதவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கல்லூரிக்குப் போனேன். பெட்டி சுவர் ஓரமாக இருக்கிறது. முப்பத்தொன்பது சீட்டிலும் 'எடுத்தவர்' இடம் வெறும் வெள்ளை. ஓரங்களில் வெளுத்த நீலம். நாற்பதாவது சீட்டில் மட்டும் மாமாவின் பெயர். அவர் கையெழுத்துதான், எனக்குத் தெரியும். அதற்கு மேலே, ஏழாவது மட்டம்.

தேதி, திங்கள்கிழமை. அதாவது முந்தின நாள்.

நான் தப்பாகப் படித்திருப்பேன் என்றான் மூடி. அவனே இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தான். திரும்பி வந்தவன் சொன்னான்.

"நேத்து, வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்குடா... மை இன்னும் காயல."