ஞாயிற்றுக்கிழமை ஓடாத ரயில்

— மறுபடியும் சொல்றேன் மூப்பரே, எஞ்சின்ல நெருப்பு மூட்டுங்க.

— நானும் மறுபடியும் சொல்றேன் கேப்டன் தம்பி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சபைக்கு மூப்பனா இருந்துக்கிட்டே இருபத்தெட்டு வருஷமா ரயில் ஓட்டுறேன். வெள்ளைக்கார துரைகூட எனக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டதில்ல, பாத்துக்க.

— என்ன கருமம் இது! பர்மாவுக்கு சுதந்திரம் வந்து பதிமூணு மாசம்தான் ஆகுது, அந்த சர்க்காரையே எதுத்துக்கிட்டு பட்டாளத்தோட வெளிய வந்தவன் நான். முழு ஸ்டேஷனப் புடிச்சாச்சு, ஒரு ரயில் டிரைவர அசைக்க முடியல!

— உன் பட்டாளத்த மட்டும் அசைச்சிட்டியாக்கும்? இருநூறு பேரும் கோயில்ல உக்காந்து பாடிக்கிட்டிருக்கானுங்க.

— அதான் வயித்தெரிச்சல்! காலைல வரிசைல வந்து நில்லுங்கடான்னு கத்துனா, குளிச்சு முழுகி பைபிளோட வந்து நிக்கிறானுங்க. இந்த பர்மாவுல நம்ம கரேன் வேதக்கார சனத்தாலதான் இப்படிச் சண்டை போட முடியும்.

— நீயும் போதகர் மகன்தானே.

— அத விடுங்க. ரங்கூன் ஓரத்துல நம்மாளுங்க எண்ணூறு பேர சர்க்கார் பட்டாளம் வளைச்சு வச்சிருக்கு. தோட்டா தீர்ந்துபோச்சு, நம்ம வண்டிய நம்பித்தான் கிடக்காங்க. போற வழில இருக்குற ஆத்துப் பாலத்துக்கு இன்னிக்கு ராத்திரி சர்க்கார்க்காரன் வெடி வைக்கிறான். நாளைக்குப் பாலமே இருக்காது.

— எண்ணூறு பேரா?

— உங்க மருமகன் எ டோவும் சேத்து.

— அவனுமா! இத ஏன்யா முதல்லயே சொல்லல?

— மூட்டுவீங்களா மாட்டீங்களா?

— மூட்டுறேன். கர்த்தர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். பாலத்துல காவல் யாரு?

— சர்க்கார் பக்கம் நிக்கிற கச்சின் மலைக்காரப் பட்டாளம். கேப்டன் பிராங் நூ.

— ஜப்பான்காரன் சண்டைல உனக்குக் கால்ல குண்டு பட்டப்போ, ரெண்டு நாள் முதுகுல தூக்கிட்டு வந்தானே, அந்தப் பிராங்கா?

— அவனேதான்.

— சுடுவானா?

— சுட்டாத்தான் தேவலையே! நானும் திருப்பிச் சுட்டுட்டுப் போயிடுவேன். அவன் சுடமாட்டான் மூப்பரே. எஞ்சின்ல என் மூஞ்சியப் பாத்ததும், சமாதானம் பேச வர்றேன்னு நெனச்சுக்குவான். துப்பாக்கியக் கீழ போட்டுட்டு, தண்டவாளத்துக்கு நடுவுல வந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிப்பான். "சாப்டியாடா"ன்னு கத்துவான். மடையன்! அவன் புத்தி அவ்வளவுதான்.

— அப்ப வண்டிய நிறுத்தவா?

— நிறுத்துனா அவன் ஆளுங்க ரெண்டு பக்கமும் மெஷின் கன்னோட சூழ்ந்துக்குவாங்க. ஒருத்தன் தப்பமாட்டான்.

— சரி, நிறுத்தல, அவன் மேலயே ஏத்திடுறேன். ஓய்வுநாள மீறுறதுன்னு ஆயாச்சு, அப்புறம் பாதி என்ன, முழுசு என்ன? தீப்பெட்டி கைல இருக்கு. வார்த்தையச் சொல்லு.

— ம்.

— என்ன ம்? வாயத் தொறந்து சொல்லு தம்பி. அங்க என் பொண்ணோட புருஷன் கிடக்கான். குச்சியக் கிழிக்கவா?

— வேணாம் மூப்பரே. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை.