எங்க பேர்ல ஒரு கையெழுத்து

— ...தனியா போறோம்னு சொன்னா அது பகை இல்ல, பாசம். மரியாதை கேக்கறோம், அவ்ளோதான். இந்த எடத்துல கை தட்டுவாங்க பாரு. சொல்லு அன்பு, பாயிண்ட்டு எப்படி?

— பாயிண்ட்டு இருக்கட்டும் கோகுலு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கினே வர்றான். மொதல்ல அவனுக்கு வழி வுடு.

— ஏங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

— பாத்துக்கினுதான் ஓட்டறேன் அருணா. திண்டிவனத்துல வண்டி எடுத்ததுலேர்ந்து இதையே சொல்லிக்கினு வர்ற. நீ உன் வேலையப் பாரு. மடியில நோட்டீஸ் கட்டு இருக்குதுல்ல, பின்பக்கம் காலியாத்தான் இருக்குது. போட்டுப் பழகு.

— பழகிக்கினுதாங்க வர்றேன்.

— "அருணா கோகுலகிருஷ்ணன்." 'கோ'வை நல்லா பெருசா போட்டு, கடைசில கீழ ஒரு இழுப்பு. நான் போடற மாதிரியே வரணும், புரியுதா? நாலு வருஷமா எல்லா தீர்மானத்துலயும் அப்படித்தான் இருக்குது.

— என்னா கோகுலு இது! தலைவரம்மா கையெழுத்தை தலைவரம்மாவுக்கே சொல்லிக் குடுக்கறியா?

— நீ ஒருத்தன்தான்டா இவளைத் தலைவரம்மான்றது. ஊர்ல எல்லாம் என்னைத்தான் தலைவர்ன்றான். பஞ்சாயத்துத் தலைவர் பதவிய லேடீஸ் சீட்டுன்னு வுட்டுட்டான், இவ பேருல நின்னோம். வேட்பு மனு குடுத்த அன்னைக்கே மாலையெல்லாம் என் கழுத்துலதான் விழுந்துச்சி, நீயும் பாத்தியே. ஒவ்வொரு தாளுக்கும் அடுப்படிலேர்ந்து இவளைக் கூப்பிட்டுக்கினு இருக்க முடியுமா? நானே போட்டுட்டு போயிக்கினு இருந்தேன்.

— நான் ஒண்ணும் சொல்லலியே.

— சொல்லாத. அந்தப் பஞ்சாயத்தை கலெக்டர் ஆபீஸ்ல பாத்துக்கலாம். இப்ப சாயங்காலத்துக்கு வா. விழுப்புரத்துல ஹால் ரொம்பி வழியப் போவுது. "தமிழ்நாடு தனி நாடாக வேண்டுமா?" நான் 'வேண்டும்' பக்கம். நீ இப்ப டெல்லி. எதிர்ப் பக்கத்துக்காரன் என்னென்ன கேப்பானோ அத்தினியும் கேளு.

— மொதல் கேள்விய போலீசு கேக்கும். பிரிவினை பேசினா தூக்கி உள்ள வெப்பான்.

— அதான் போஸ்டர்ல கேள்வியா கேட்டுக்கிறோமே. விவாதம்டா. அடுத்தது?

— தனி நாடு ஆயிட்டா பாண்டிச்சேரி எங்க போவும்?

— அதையும் நம்மளோட சேத்துக்குவோம்.

— அவங்களைக் கேட்டியா? எங்க அக்காவைத் திருக்கனூர்ல குடுத்துக்குது. ஒரு வயல் இந்தப் பக்கம், அடுத்த வயல் பாண்டிச்சேரி. கிறிஸ்மஸுக்கு பலகாரம் எடுத்துக்கினு போவ நான் பாஸ்போர்ட்டு எடுக்கணுமா?

— வெளாடாத அன்பு. பேஜாரு பண்ணாம சீரியஸா கேளு.

— சரி, வெச்சிக்கோ, சீரியஸாவே கேக்கறேன். எதுக்குப் பிரியணும்?

— ஆங், இதான் பாயிண்ட்டு. புயல் அடிச்சப்ப நம்ம வெளைஞ்ச மல்லாட்டை மூட்டையோட முழுவுச்சி. மேல இருக்கறவன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டான். நாம கேட்டதுல காவாசி வந்துச்சா? எங்க புள்ளை டாக்டருக்குப் படிக்கணும்னா அவன் பரிட்சை வெக்கறான். எங்க எம்.பி. சீட்டு எத்தினின்னு அவன் கணக்குப் போடறான். எங்க ஊட்டு விஷயத்தை எங்களைக் கேக்காமயே முடிவு பண்றான். வயிறு எரியுதுடா. நடிப்பு இல்ல. நெசமாவே எரியுது.

— எரியறது தெரியுது. நீ மூட்டையப் புடிச்சிக்கினு அழுதப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். ஆனா எதிர்ப் பக்கம் சொல்வான்: ஒண்ணா இருந்தாதான் பலம், பிரிஞ்சா வீணாப் போவீங்கன்னு.

— அதுக்குத்தான் வெச்சிக்கிறேன் பதிலு. "ஒண்ணா இருக்கறோம்னு நீ சொல்ற. எட்ட நிக்க வெச்சிட்டு ஒண்ணா இருக்கறோம்னா எப்படி?" எப்படி இருக்குது?

— நல்லா இருக்குது. யாரு எழுதினது?

— நீதான்டா எழுதிக் குடுத்த. மறந்துட்டியா?

— மறக்கல. அதை எழுதறதுக்கு நான் ரொம்ப யோசிக்கவே இல்ல, கோகுலு.

— அதான்டா உன் கிட்ட குடுக்கறது. மயிலம் காலேஜ்லேர்ந்தே நீ எழுத, நான் பேச. ஊரே சொல்லுமே.

— ஊரு சொல்லும். ஊருக்குள்ள உன்னை நான் 'வாங்க, போங்க'ன்னுதானே கூப்பிடறேன்? கூட்டேரிப்பட்டு தாண்டினாதான் எனக்கு 'கோகுலு'ன்னு வாய் வருது. அங்க ஒரு செக்போஸ்ட்டு இருக்குது. உன் கண்ணுக்குத்தான் தெரியாது.

— நான் உன்னை அப்படிக் கூப்பிடச் சொன்னேனா?

— நீ சொல்லல. வேணாம்னும் சொல்லல.

— ஏங்க, டோல்கேட்டு வருது. மெதுவா.

— விக்கிரவாண்டி டோலு வர்றது எனக்குத் தெரியாதா! அன்பு, உன் மூஞ்சி ஏன் ஒரு மாதிரி ஆவுது? அடுத்த கேள்விய கேளு.

— கேக்கறேன். பிரியலாமா வேணாமான்னு ஓட்டு யாரு போடணும்? நாட்டுல இருக்கற எல்லாருமா? இல்ல, பிரியணும்ன்றவங்க மட்டுமா?

— இதென்ன கேள்வி? பிரியறவன்தான் போடணும். எல்லாரும் போட்டா எப்படி ஜெயிக்கறது? அவன் கும்பல் பெருசு, நாம சின்ன கும்பல். அவனைக் கேட்டா வுடுவானா? பூட்டு போட்டவன் கிட்டயே தெறக்கலாமான்னு கேக்கற மாதிரி.

— கரெக்ட்டா சொன்ன. அப்ப எங்க காலனிக்கு தனி பஞ்சாயத்து வேணுமா வேணாமான்னு ஏன் ஊர்க்காரங்களை வெச்சி கை தூக்கச் சொன்ன?

— ...அது வேற, இது வேற.

— எப்படி வேற?

— அது நாடுடா. இது ஊரு. ஒரு ஊரை எவனாச்சும் ரெண்டா ஒடைப்பானா? இருக்கற நிதி பாதியாப் போவும். ஆபீஸர் மதிக்க மாட்டான். ஒண்ணா இருந்தாதான்டா பலம்...

— இப்ப நீ டெல்லி, கோகுலு.

— வாயை மூடுடா.

— எதுக்கு மூடணும்? நீதானே கேள்வி கேக்கச் சொன்ன. கிராம சபை கூட்டத்தை எங்க போடறீங்க? கோயில் வாசல்ல. பந்தல் அங்க, நாற்காலி அங்க. நாங்க ரோட்டு ஓரமா நின்னு, தீர்மான நோட்டு வெளிய வந்தா கையெழுத்து போட்டுட்டுத் திரும்பறோம். ஸ்கூலாண்ட போடுங்கன்னு எத்தினி தரம் கேட்டோம்? புயலப்ப ஊருக்கெல்லாம் ஜெனரேட்டர் வெச்சி தண்ணி ஏத்தினீங்க. காலனி டேங்க்குக்கு எப்ப வந்துச்சி?

— கடைசில வந்துச்சில்ல!

— வந்துச்சி. ஊட்டுக்குள்ள வெள்ளம், குடிக்கத் தண்ணி இல்ல. எல்லாம் காஞ்சப்புறம் வந்துச்சி. உனக்கு எரிஞ்சா மாதிரிதான் எனக்கும் எரிஞ்சிது.

— அப்ப உங்க அம்மா நம்ம வாசலுக்கு வந்தாங்கண்ணா.

— நீ எதுக்கு நடுவுல பேசற, அருணா?

— சொல்லிடறேங்க. லூர்துமேரி அம்மா குடத்தை வெச்சிக்கினு நின்னாங்க. "நீதானேம்மா தலைவரு, ஒரு வார்த்தை சொல்லு, மோட்டாரு ஓடட்டும்"னாங்க. நான் இவரைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன். அவங்க குடத்தைத் தூக்கிக்கினு போயிட்டாங்க. எனக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சிண்ணா.

— அம்மா உங்களைக் கொறை சொல்லலீங்க தலைவரம்மா. "அந்தப் பொண்ணும் நம்மளை மாதிரி வெளியதான் நிக்குது"ன்னுதான் சொல்லிச்சி.

— போதும் ரெண்டு பேரும். அன்பு, சுத்தி வளைக்காம நேராவே பேசலாம். உங்க காலனி மனுவுல "தலைவர் சம்மதம்"னு எழுதி, கீழ இவ பேரைப் போட்டுக்குதே, அது யாரு போட்டது?

— நான் போடல.

— அப்ப யாரு? கிராம சபை தீர்மானத்துல "பிரிக்கக் கூடாது"ன்னு ஒரு கையெழுத்து. உங்க மனுவுல "பிரிக்கலாம்"னு இன்னொரு கையெழுத்து. ரெண்டுமே தலைவர் கையெழுத்தாம்! ஆபீஸ்லேர்ந்து போன் வருது, எது நெசம்னு தலைவரே நேர்ல வந்து போட்டுக் காட்டணுமாம். போன்ல போட்டோ அனுப்பினான், பாத்தேன். சிரிப்புதான் வந்துச்சி. "சீ. அருணா"ன்னு போட்டுக்குது. கள்ளக் கையெழுத்து போடறவன் ஒழுங்கா விசாரிச்சிப் போட வேணாமா? கல்யாணம் ஆயி இத்தினி வருஷம் கழிச்சி, அவங்கப்பா சீனுவாசன் இனிஷியல் எதுக்குடா?

— எனக்கு சிரிப்பு வரல.

— வராது. இன்னைக்கு இவ உள்ள போயி நான் போடற மாதிரி ஒண்ணு போட்டான்னா, உங்க மனு குப்பைக்குப் போவும். மொதல் பேரு உன்னுது. போர்ஜரி கேசு உன் மேலதான் விழும். ஸ்கூல்ல வாத்தியார் வேலை நிலைக்குமா? உன் பொண்டாட்டி அமலாவையும் கொழந்தையையும் நெனைச்சிப் பாரு. அதுக்குத்தான்டா உன்னை வண்டில ஏத்திக்கினு வர்றேன். உன் பேரை மட்டும் வாபஸ் வாங்கிடு. உன்னை நான் காப்பாத்தறேன்.

— என் பேரை மட்டும் எடுத்துட்டா காலனி?

— காலனி காலனியா இருக்கும். எப்பவும் போல.

— எப்பவும் போல வேணாம்னுதானே கேக்கறோம்.

— யாரு போட்டதுன்னாவது சொல்லு. ஆளைக் காட்டிக் குடுத்தா உனக்குக் கேசு இல்ல.

— சொல்ல மாட்டேன் கோகுலு. வேலை போனா போவட்டும்.

— அண்ணா...

— நீங்க எழுதிக்கினு இருங்க தலைவரம்மா. கோகுலு, நீ ஒண்ணைப் புரிஞ்சிக்கோ. சாயங்காலம் நீ தனி நாடு கேக்கறல்ல, அதைக் கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. ஆனா பயமா இருக்குது. இன்னைக்கு நீ எனக்கு இல்லன்னு சொன்னா, நான் கலெக்டர் கிட்ட போறேன். அவரும் இல்லன்னா கோர்ட்டு. அதுக்கும் மேல ஒரு கோர்ட்டு டெல்லியில இருக்குது. உனக்குத் தனி நாடு வந்துட்டா உனக்கு மேல யாரு? அப்ப நான் யாருகிட்ட போவேன்? இந்தக் கேள்விக்கு பதில் வெச்சிக்கினு மேடை ஏறு.

— ...எல்லாம் சரியாப் போவும்டா. நம்ம நாடு வந்துட்டா எல்லாம் தானா சரியாப் போவும்.

— அதையும் டெல்லிதான் சொல்லும்.

— பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாதுடா. வுடு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி தாண்டியாச்சி, இன்னும் கொஞ்ச நேரம்தான். நீ யோசிச்சி வை. கடைசி பாராவை மட்டும் ஒரு தரம் சொல்லிப் பாக்கறேன், இது நானே எழுதினது. கேளு. "தோழர்களே! எங்க மண்ணுல நாங்க தலைவருங்கன்னு பேரு. ஆனா எங்க நாற்காலில வேற எவனோ உக்காந்துக்கினு இருக்கறான். எங்க வாயைத் தெறக்க வுடாம எங்களுக்காக அவன் பேசறான். எங்களைக் கேக்காம எங்க பேர்ல அவன் கையெழுத்து போடறான்! இதைப் பொறுத்துக்கறதுக்கு நாங்க என்ன மரக்கட்டையா?" என்னாடா அன்பு, எப்படி? நல்லா இல்லியா?

— நல்லா இருக்குதுங்க. அந்த கையெழுத்து வரிய மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க.

— பாத்தியா அன்பு! அரசியலே தெரியாத இவளுக்கே புடிக்குது. "எங்களைக் கேக்காம எங்க பேர்ல அவன் கையெழுத்து போடறான்!" எப்படி அருணா?

— அதாங்க. அதைத்தான் எனக்கு சொல்லத் தெரியாம இருந்துச்சி.

— மேடையில கேக்கணும் நீ, மயிர் கூச்செறியும். சரி, கலெக்டர் ஆபீஸ் வந்தாச்சி. வாசல்லயே நிறுத்தறேன். உள்ள போயி ஜல்தி ஒரு கையெழுத்து, வெளிய வந்துடணும். யாராச்சும் ஏதாச்சும் கேட்டா அவர் வெளிய இருக்காரு, அவரைக் கேளுங்கன்னு சொல்லு. எங்க, பழகினதைக் காட்டு பாக்கலாம்.

— இந்தாங்க.

— என்னா இது? ஒண்ணு கூட நான் போடற மாதிரி இல்லியே. 'கோ' எங்க? இழுப்பு எங்க? "சீ. அருணா"... இதுலயும் "சீ. அருணா"... கட்டு பூரா இதையேவா எழுதி வெச்சிக்கிற? ஏய், இது அந்த மனுவுல இருந்த கள்ளக் கையெழுத்தாச்சே! அப்படியே அச்சு மாதிரி... டேய் அன்பு, இவளுக்கு எப்படா இதை சொல்லிக் குடுத்த?

— நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, கோகுலு. தலைவரம்மா, வேணாம்னா இப்பவும் நீங்க வண்டிலயே இருங்க. நான் பாத்துக்கறேன்.

— இல்லண்ணா, வாங்க, உள்ள போவலாம். ஏங்க, அது கள்ளக் கையெழுத்து இல்ல, என் கையெழுத்து. வேட்பு மனுவுலயும் அதைத்தான் போட்டேன், அதை எடுத்து வெச்சிக்கினுதான் உள்ள ஒத்துப் பாக்கப் போறாங்க. நான் போட்டப்ப நீங்க பாக்கல, வெளிய மாலை வாங்கிக்கினு இருந்தீங்க.