வலப்பக்கத் திருகு

ஷாக் அப்சார்பர் பாரத்தைச் சுமப்பதில்லை, ஐயா. பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுமப்பது பட்டை ஸ்பிரிங். அது எவ்வளவு தூரம் இறங்கி ஏறலாம் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எவ்வளவு விரைவாக இறங்கலாம் என்பதை மட்டுமே ஷாக் அப்சார்பர் தீர்மானிக்கிறது. இறுக்கினால் நிதானமாக இறங்கும். தளர்த்தினால் ஒரே பள்ளத்தில் அடிவரை போய் இடிக்கும்.

பண்ணையாரின் லாரி ராணுவ ஏலத்தில் எடுத்தது. அதில் அந்த இறுக்கத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடியும். திருவாரூரில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதே பண்ணையாரிடம்தான் எங்கள் குடும்பம் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதது. குத்தகைதாரர் பெயரைப் பதியவேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்த வருடம் அது. குறுவை முற்றி நின்றது. வெளியூர் ஆட்களை இறக்கி அவர் அறுத்துவிட்டால், சாகுபடி அவருடையது என்று கர்ணம் ஊர்க் கணக்கில் எழுதிவிடுவார். தாலுகா ஆபீசில் மூன்று மனு கொடுத்தேன். என் மனைவி செபஸ்தியம்மாள் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தாள். ஒன்றும் அசையவில்லை.

அறுப்புக்கு முதல்நாள் டிரைவர் சேக் தாவூது லாரியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“மேஸ்திரி, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. கொஞ்சம் தளத்தி விடுங்க. நாளைக்கு ஏறுறவங்க என்னையத்தான் திட்டுவாங்க.”

“மூட்டையா, ஆளா?”

“ஆளுதான், நாப்பது பேரு. மூட்டை எங்கயாவது திட்டுமாங்க?” என்று சிரித்தார்.

இடப்பக்கத்தை இறுக்கினேன். வலப்பக்கத்தை முழுவதும் தளர்த்தினேன். ஆற்றங்கரைச் சாலையில் மதகுத் திருப்பத்தில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே ஆறு வலப்பக்கம். கரை முட்டத் தண்ணீர். மூட்டைகளாக இருந்தால் அடுக்கிய இடத்திலேயே கிடக்கும். நின்றுகொண்டு வரும் ஆட்கள் வண்டி சாயும் பக்கமே சாய்வார்கள். அதை நான் முன்பே யோசித்திருந்தேன்.

பதினேழு பேர் இறந்தார்கள். அதன் பிறகு தகராறு வரும் என்று வயலைச் சுற்றிப் போலீஸ் நிறுத்தினார்கள். அறுக்க எவரையும் விடவில்லை; என்னையும்தான். மழையில் கதிர் சாய்ந்து, நின்ற இடத்திலேயே முளைத்துவிட்டது.

வேகமாக ஓட்டிக் கவிழ்த்ததாகச் சேக் தாவூதின் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். அவர் தண்ணீரில் போய்விட்டார். மறுத்துப் பேச முடியாது. அவர் நிதானமாக ஓட்டுகிறவர். அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். கவிழ்த்தவன் நான். மற்ற பதினாறு பேரையும் நானே கொன்றதாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் அவர்கள் என் பயிரை அறுக்க வந்தவர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னைத் தவறாக நினைத்துவிடுவார்கள்.